பசிபிக் குளிர்ந்திருந்த வருடங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு வேணி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? இந்த டாக்குரியா வீட்டில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஆபீசில் ஒரு சின்ன விஷயம், பதறாதே. எங்கள் தலைவர், மேதை பாக்சி ஒரு கட்டுரை எழுதினார். பருவநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் சொன்ன அளவுக்கு வெப்பமண்டலம் சில வருடங்கள் சூடாகவில்லையாம், அதனால் மாதிரிகள் எல்லாமே குப்பையாம். அதில் என் பெயரையும் போட்டிருந்தார்.

"சார், அந்த வருடங்களில் பசிபிக் கடல் தன் இயல்பான குளிர் சுற்றில் இருந்தது. வித்தியாசத்தில் பெரும்பங்கு அதனால்தான். சுற்று திரும்பினால் சூடு வேகமாக ஏறும்" என்றேன்.

"அதையெல்லாம் எழுதினால் எந்தப் பேப்பர்காரன் போடுவான்?" என்றார், சந்தேஷ் இனிப்பைக் கடித்துக்கொண்டே. கடல் என்றால் பூரி கடற்கரைக்குப் போய்க் கால் நனைப்பது, அவ்வளவுதான் இந்த ஆளுக்கு.

என் பெயரை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். கூடவே என் வேலை நீட்டிப்பையும் நிறுத்திவிட்டார். மார்ச்சோடு சரி. இவர் தயவில் பிழைப்பதற்கு இது தேவலை.

கரியாஹாட் சந்தையில் எல்லாம் கிடைக்கிறது, ஆனாலும் நீ அரைத்த சாம்பார்பொடி கொஞ்சம் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனை உடனே வைத்துவிடாதே. இந்த ஆளைத் தமிழில் திட்டினால் புரிந்துகொள்ள இங்கே ஒருவரும் இல்லை.

மழை வருகிறது, மாடியில் துணி கிடக்கிறது.

உன் வேணி