ஒரு சாண் குறைந்த ஏரி

ஜூன் 4
நான் சொல்கிறேன், வீட்டுக்காரி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. கோடு எண்ண வரும். மதகடியில் நட்ட அளவுக்கம்பத்தில் ஏரித் தண்ணீர் எத்தனையாவது கோட்டில் நிற்கிறது என்று தினமும் பார்த்துச் சொல்வேன், குமாஸ்தா எழுதிக்கொள்வார். ஓய்வு பெறும் வரை முப்பத்தெட்டு வருடம். ‘பிழையே இல்லாத பணி’ என்று கண்ணாடி போட்டுக் கொடுத்த பாராட்டுப் பத்திரம் கூடத்தில் தொங்குகிறது.

போன மழையில் ஏரி தெருவுக்குள் வந்து இவள் செருப்பை இழுத்துக்கொண்டு போனது. ஒன்று தையற்காரர் வீட்டில் கிடைத்தது. மற்றது இன்னும் பயணத்தில் இருக்கிறது.

ஜூன் 11
அலுவலகத்தில் பழைய ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மாத மழை இப்போது இரண்டு நாளில் கொட்டுகிறதே, விதியை மாற்றலாமா என்று பேச்சு. பன்னிரண்டாம் கோட்டைத் தொட்டால்தான் மதகைத் திறக்கலாம் என்பது விதி. புதிய பொறியாளர் அம்மா பதிவேட்டைப் புரட்டினார்.
“நாப்பது வருஷத்துல ஏரி மட்டம் ஏறவே இல்லையே. எதுக்கு மாத்தணும்?”
கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 12
இருபத்திரண்டு வருடம் முன்பு மணல் லாரிக்குப் பின்னால் நின்று “வா வா, வரலாம்” என்றவன் நான்தான். வந்தது. இடித்ததில் அளவுக்கம்பம் சாய்ந்தது. யாருக்கும் சொல்லாமல் நானே திரும்ப நட்டேன். குழியில் பாறை, ஒரு சாண் உயர்ந்தே நின்றது. கோட்டுக்குக் கோடு ஒரு சாண்தான். அன்றிலிருந்து ஏரி ஏறினாலும் பதிவேட்டில் ஒரு கோடு குறைவு. மதகும் அந்த அளவுக்குத் தாமதம்.
“இதை நான் எழுத மாட்டேன்” என்றாள். அப்புறம், “அப்போ என் செருப்பு போனது உங்களாலதானா?”
எழுதிவிட்டாள்.

ஜூன் 13
இதைச் சொல்ல அலுவலகம் போக வேண்டும்; முழங்கால் வலி என்று போகவில்லை. முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 16
போனேன். சொன்னேன்.
“சாட்சி இருக்கா ஐயா?” என்றார் பொறியாளர் அம்மா.
“ஏரிப் படிக்கட்டு இருக்கும்மா. அப்போ நாலாம் படியும் ஏழாம் கோடும் ஒரே மட்டம். இப்போ போய்ப் பாருங்க, ஆறாம் கோடுதான் இருக்கும்.”
பார்த்தார்கள். பீரோவிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்தார்கள். அதில் ஏழுதான். திட்டுவார் என்று நின்றேன். அவர் பேனாவை எடுத்து, இருபத்திரண்டு வருடத்துக்கும் ஒரு கோடு கூட்டத் தொடங்கினார்.
“ஏறித்தான் இருக்கு ஐயா. நல்லாவே ஏறியிருக்கு.”

ஜூலை 2
பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றச் சொன்னேன். இவள் ஒரு சாண் இறக்கி மாட்டியிருக்கிறாள்.

செப்டம்பர் 9
கம்பத்தைச் சரியாக நட்டார்கள். இனி பத்தாம் கோட்டிலேயே மதகு திறக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விதியைத் திரும்பப் பார்ப்பார்களாம். கம்பம் கொண்டுவந்த லாரிக்குக் கைகாட்ட வேறு ஆள்.

நவம்பர் 20
இரண்டு நாளாக விடாத மழை. மதகு நேற்றே திறந்தாயிற்று. காலையில் இவள் முதல் வேலையாக வாசலுக்குப் போனாள். புதுச் செருப்பு, விட்ட இடத்திலேயே, ஜோடியாக.