கரடியூர்க்காரம்மா உன் வேலையைக் கேட்ட கதை

வெள்ளக்கடை

அன்புள்ள கவியா கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், மிளகுக் கொடி சுகம், அப்பாவின் வலது முட்டி மட்டும் சுகமில்லை, அதற்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னால் தேய்த்தேன் என்று பொய் சொல்கிறார். அந்த ஊர்க் குளிரில் நீ நல்லபடியாக இருப்பாய் என்று நம் மலைச்சாமி சேர்வராயன் மேல் பாரத்தைப் போட்டிருக்கிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தே கெடுத்துவிடுவார், அதனால் காப்பித்தூள் பார்சலோடு கடிதமாக அனுப்புகிறேன்.

போன வருசம் கரடியூர் சசிகலா அம்மா என் போனில் உன்னிடம் சந்தேகம் கேட்டார்களே, அதற்கு முன்னால் நடந்ததை உனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டோம். அவர்கள் தங்கள் சின்ன மகன் சிவசக்திக்கு உன்னைக் கேட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உன் வேலையைக் கேட்டால் லேப் என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள் என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அந்த அம்மா, ரத்தம் பாக்கற லேபுங்களா என்று கேட்டதுதான், உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இல்லீங்க, விந்தணு பொறுக்கற லேபுங்க என்றார். அந்த அம்மா எடுத்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார்கள். அப்பா அதோடு விட்டாரா, ஆயிரக்கணக்குல நீந்துமாமுங்க, தல ஒழுங்கா இருக்குதா, வால் ஒழுங்கா இருக்குதான்னு பெரிய கண்ணாடியில பாத்து, நொம்ப நல்லதா ஒண்ண ஊசியில புடிச்சு முட்டைக்குள்ள உடறது எம்புள்ளதானுங்க என்று கையாலேயே நீந்திக் காட்டினார். மாப்பிள்ளைப் பையன் பாவம், தலை குனிந்தவன் கிளம்பும் வரைக்கும் நிமிரவில்லை. வயசுப்புள்ள பாக்கற வேலையாங்க இது என்று எழுந்தவர்கள் காப்பியைக்கூட முடிக்காமல் போய்விட்டார்கள். நான் அப்பாவோடு மூன்று நாள் பேசவில்லை. அவர் அதை ஒரு ஓய்வு போல அனுபவித்தார்.

அப்புறம் பார், பத்து நாள் கழித்து அந்த அம்மா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மிளகு விலை பேசினார்கள், மழை பேசினார்கள், என் புடவை நன்றாக இருக்கிறது என்றார்கள், அது பழைய புடவை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, ஏனுங்க, அன்னைக்கு அண்ணன் சொன்னாரே, அது ஆம்பளைகளுக்கும் கோளாறா இருக்குமுங்களா என்றார்கள். எது என்று நான் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்த வார்த்தையை அவர்கள் சொல்லும் வரைக்கும் நான் விடவில்லை. பிறகு அழுதார்கள், எனக்கும் விளையாட்டுப் போய்விட்டது. பெரிய மகன் சந்திரசேகருக்குக் கல்யாணமாகி ஆறு வருசம், மருமகள் ரம்யாவைத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏற்றி இறக்கி, விரதம் இருக்கவைத்து, வளைகாப்பு வீடுகளுக்கு வராதே என்றும் சொல்லியிருக்கிறார்கள், மகனை ஒருத்தரும் ஒரு டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அப்போதுதான் உனக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். முதலில் புருசனைப் பாருங்கள், எதற்கும் உத்தரவாதம் கிடையாது என்று நீ ஒளிக்காமல் சொன்னது நல்லது.

சந்திரசேகர் மாட்டேன் என்றிருக்கிறான். அவன் ஸ்கூட்டருக்கு முன்னால் அந்த அம்மா உட்கார்ந்துகொண்டு, உன்ற பொண்டாட்டிய எத்தன ஊசி குத்த வெச்சேன், நீ ஒரு டப்பாவுல குடுக்கறதுக்கு இத்தன அழுவாச்சியா என்று தெருவே கேட்கப் போட்ட சத்தத்தில் பஸ் ஏறிவிட்டான். அடிவாரத்தில் டீ குடிக்கிறேன் என்று இறங்கப் பார்த்தானாம், இவர்களும் கூடவே இறங்கி டீ குடித்துவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். சேலத்தில் பார்த்ததில் குறை அவனிடம்தான், எண்ணிக்கையே கொஞ்சம், இருந்ததிலும் பெரும்பாலும் கோணல். அங்கேயே உன் லேபில் செய்கிற மாதிரி ஊசியில் பிடித்து முட்டைக்குள் விட்டார்கள், முதல் தடவை கரு நிற்கவில்லை. இரண்டாம் தடவை உன் மாதிரி ஒரு பெண் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்ததில் நின்றுவிட்டது, போன வாரம் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் காட்டினார்களாம்.

ரம்யாவே வந்து சொன்னாள். பிள்ளைச் சேதியை ஒரு வரியில் முடித்துவிட்டாள் கண்ணு, மாமியார் ஊர் நடுவில் நின்று, எம்மருமவ மேல ஒரு கொறையும் இல்லீங்க, அது எம்மவனோடது என்று சொன்னதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

நேற்று அந்த அம்மா மறுபடி உன்னைக் கேட்டு வந்தார்கள். முடிவு உன்னுடையது, அதையே சொன்னேன். உன் அப்பா சும்மா இருப்பாரா, மொதல்ல சின்னவரையும் ஒரு டெஸ்ட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க என்றார். நான் கிள்ளுவதற்குள் அந்த அம்மா பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசை மேல் வைத்து, எடுத்தாச்சுங்க, புள்ளகிட்ட அனுப்பிப் பாருங்க என்றார்கள். கவர் இங்கே வந்தது அந்தப் பையனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அவன் பேசினால் நீ ஒன்றும் காட்டிக்கொள்ளாதே.

சேர்வராயனும் காவேரியம்மனும் உன் கூடவே இருக்கட்டும், கை நிறைய வேலையும் வயிறு நிறையச் சோறும் கிடைக்கட்டும் சாமி. காப்பித்தூள் டப்பாவை இறுக்கி மூடி வை. கவர் பார்சலில் அடியில் இருக்கிறது, அப்பா ஏற்கெனவே கண்ணாடி போட்டுப் படித்துவிட்டார்.

உன் அம்மா,
ராசம்மாள் அங்கப்பன்