மூவரும் ஒத்துப்போன படம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதைச் சொல்லும் உரிமை இப்போது எங்களுக்கு இல்லையாம், மூன்று டாக்டர்களுக்குத்தான் உண்டாம். நீயும் அங்கே நாள் முழுக்க எக்ஸ்ரே பார்த்துச் சொல்கிறவள்தானே, உன் கூட்டத்தார் இங்கே அடித்த கூத்தைக் கேள்.

உன் அப்பாவின் இருமல் தெருமுனை வரை கேட்கிறது. கல்மாவு ஆலையில் அரவைக்கூடத்தை விட்டு வாசல் காவலுக்கு மாற்றுங்கள் என்றால், தூசி நோய் என்று மூன்று டாக்டர்களில் இருவராவது சொல்ல வேண்டுமாம். படம் எடுத்தார்கள். ஒருவர் வெறும் சளி என்றார், இன்னொருவர் பழைய காசநோய்த் தழும்பு என்றார், மூன்றாமவர் தூசி நோயேதான், முற்றிவிட்டது என்றார். ஒரே மனுஷன், ஒரே நெஞ்சு! குழந்தை யார் சாயல் என்று கேட்டால்கூட இத்தனை அபிப்பிராயம் வராது. உன் அப்பாவோ, "ஆளுக்கொண்ணு குடுத்து அனுப்பிட்டேன், யாரும் வெறுங்கையோட போகல" என்று சிரித்து, சிரிப்பிலேயே இருமி, மறுபடி அரவைக்கே போனார்.

சங்கத் தலைவர், நாம் மைக்செட் என்போமே, அவர் விடவில்லை. "இவங்களுக்குப் படம் பாக்கவே தெரியல, நிரூபிச்சுக் காட்றேன்" என்று கிளம்பினார். ஆலைக்குள் கால் வைக்காத ஒருவரின் படத்தையும் தொழிலாளிகள் படங்களோடு கலந்து, பெயரில்லாமல் எண் மட்டும் போட்டு அனுப்புவது என்று திட்டம். நான் இருக்கிறேனே என்று குஷியாகப் போய் நெஞ்சைக் காட்டி நின்றேன். நேற்று முடிவு வந்தது. எதிலும் ஒத்துப்போகாத மூவரும் தனித்தனியாகப் பார்த்து, என் படத்துக்கு மட்டும் ஒரே பதில் எழுதியிருக்கிறார்கள், தூசி நோய் என்று. "வீட்டுல இருக்கிற அம்மாவுக்கு ஆலை நோயாம்!" என்று மைக்செட் தெருவில் நின்று கத்த, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் அப்பாவும்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லையடி. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய வேலைச் சட்டையை ஜன்னல் இல்லாத அந்தக் குளியலறையில் உதறி உதறித் துவைத்தவள் நான். படியேறினால் மூச்சு வாங்குவதை வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறது.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவுடையது என்று நினைக்காமல் பார். அவர்கள் மடையர்கள் என்றால் எனக்குச் சந்தோஷம். நீயும் அவர்களோடு ஒத்துப்போனால் மழுப்பாமல் எழுது, உன் கையெழுத்தோடு ஆலைக்கே போகிறேன். சட்டையில் ஒட்டி வந்த தூசிக்கே எனக்கு இந்த கதி என்றால், அந்தச் சட்டைக்குள் இருந்த மனுஷன் கதி என்ன என்று கேட்டு, உன் அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

அதுவரை என் பயத்தைப் பற்றி உன் அப்பாவிடம் மூச்சு விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, சீக்கிரம் பதில் போடு. நூறு வயசு நன்றாக இரு, என் கண்ணே.

இப்படிக்கு,
உன் அம்மா