வடிகட்டியில் எள்

ஜூலை 21, திங்கள்
வெக்கை. காற்றே இல்லை. ஏரிக்கரையில் பலகை நட்டிருக்கிறார்கள்: நீலப்பச்சைப் பாசி, குளிக்கத் தடை. ஏரியின் பெரும்பகுதி இத்தாலிக்குள், நாங்கள் இருக்கும் வடக்கு நுனி மட்டும் சுவிசுக்கு. பாசி அந்தப் பக்கத்திலிருந்து வந்ததாம், எங்கள் ஹோட்டல் மேலாளர் சொல்கிறார். அந்தப் பக்கத்தில் எங்களைச் சொல்வார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு 84 பேர். முட்டை மட்டும் நான்கு தட்டம்.
வாங்க: கறுப்பு எள், வாழைக்காய், சவர பிளேட்.

ஜூலை 22
வியாழன் ஆடி அமாவாசை. போன வருடம் அப்பாவுக்கு ஒன்றும் செய்யவில்லை, லீவு தரவில்லை. இந்த முறையும் இல்லை. விடிய ஏரியில் முழுகி, எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு ஆறு மணிக்குச் சமையலறைக்குப் போகலாம் என்றிருந்தேன். பாசி கெடுத்தது.

யாழ்ப்பாணத்துக்கு ஃபோன். அம்மா:
"குளியலறையில செய்யாதை ராசா. தண்ணிக்குள்ள இறங்கி நிக்க வேணும்."
"ஏரியில இறங்க விடீனமில்லை அம்மா."
"போன முறையும் ஏதோ சொன்னனி. அவ்வளவு பெரிய நாட்டில அப்பாவுக்கு ஒரு தண்ணி இல்லையோ?"

ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். எரிச்சல்.

ஜூலை 23
பாசி நாற்றம். தடையை மதிக்காதவை வாத்துகள் மட்டும். இத்தாலித் தீவுகளுக்குப் போகும் படகுகளில் கூட்டம். மிச்சப்பேர் எல்லாம் ஹோட்டல் நீச்சல் குளத்தில். வேலையாட்கள் அதில் இறங்கக் கூடாது. போன கோடையில் இறங்கிய ஒருத்தனை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

விடிய ஐந்து மணிக்கு அங்கே ஒருவரும் இல்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜூலை 24
இரவு முழுக்க வடகாற்று. பாசியை இத்தாலிக்கே திருப்பி அனுப்பியிருக்கும். பலகை அப்படியே.

5.05. நீச்சல் குளத்தில் இறங்கினேன். இடுப்பளவு. குளோரின் மணம். அப்பா பெயர், அவருடைய அப்பா பெயர். அதற்கு மேல் தெரியாது. எள் மிதந்து மூலைக்குப் போனது. அழுகை வந்தது, அழுதேன். 5.40க்கு முட்டை உடைக்கத் தொடங்கினேன்.

11.00. நீச்சல் குளம் பார்க்கும் புரூனோ சமையலறை வாசலில். கையில் காகிதக் குவளை.
"வடிகட்டியில் இருந்தது. உன்னுடையதா?"
கறுப்பு எள். பொய் சொல்ல வாய் வரவில்லை.
"ஆம். செத்துப்போன அப்பாவுக்கு."
மேலாளரின் அறைப் பக்கம் பார்த்தார். குவளையை என் கையில் திணித்தார்.
"பலகையைக் கழற்றிவிட்டார்கள், இப்போதுதான். போ. பத்து நிமிடம் அடுப்பைப் பார்க்கிறேன்."

ஏப்ரனோடு ஏரியில் இறங்கினேன்.