அப்பாவின் ரேடியோ மோட்டர்

ஊர்காவற்றுறை
14.10.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் எழுதப் போகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

கணினிக் கழகத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் சின்னப் பிள்ளைகள் செய்த ரோபோக் காரை நேற்று யாழ்ப்பாணம் கொண்டு போனோம். அங்கே உதவி நிறுவனக்காரருக்கு அதை ஓட்டிக் காட்டினால்தான் கழகத்துக்கு அடுத்த வருட உதவி கிடைக்கும். பண்ணைப் பாலத்தில் எங்கள் வான் வண்டி நின்றது. முன்னால் இராணுவச் சோதனை.

"வயரும் பற்றரியும் உள்ள பெட்டி. விளையாட்டுச் சாமான் எண்டால் ஆர் தங்கச்சி நம்புவினம்?" என்றார், கழகத்துக்குப் பொறுப்பான ஜெகதீஸ் அண்ணை.

நானே அதைக் கடலில் போட்டேன். பிறகு எங்களை ஒருவரும் சோதிக்கவில்லை. கையைக் காட்டிப் போகச் சொன்னார்கள்.

"அக்கா, அது நீந்துமோ?" என்று பத்து வயது நிலக்சனா கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. வெறுங்கையோடு போன எங்களுக்கு உதவி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காரின் மோட்டர் அப்பாவின் கசற் ரேடியோவில் நான் கழற்றியது. அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம். என் தலையணை உறையை அங்கிருந்து வரும் வள்ளத்தில் அனுப்பிவிடுங்கள். வீட்டு மணம் போகாமல், தோய்க்காமல் அனுப்புங்கள்.

கழகத்தை இன்றோடு மூடுகிறார்கள். நான் எழுதி முடிக்கட்டும் என்று ஜெகதீஸ் அண்ணை பூட்டும் திறப்புமாய் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகள்,
மேரிசுகந்தி

விளக்குகளை அணைத்துவிட்டார். உங்கள் முகவரியை இருட்டில் எழுதுகிறேன்.