அப்பாவின் தலையணை கூடத்துக்குப் போன கதை

அன்புள்ள குட்டிம்மா,

இங்கே நான், அப்பா, அவருடைய குறட்டை மூவரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நாலு மாதச் சின்ன மகாராணியும் நலமாக இருக்க வேண்டும். வீடியோ காலில் கூடத்துக் கட்டிலில் அப்பாவின் தலையணையைப் பார்த்துவிட்டு, உங்களுக்குள்ள சண்டையாம்மா என்று கேட்டாயே, அன்றைக்கு மழுப்பிவிட்டேன், இப்போது உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு மாதவிடாய் நின்று மூன்று வருஷம் ஆகிறதல்லவா, அதற்குப் பிறகு பிறப்புறுப்பில் ஒரே வறட்சி, எரிச்சல். டிரைவிங் ஸ்கூலில் நாளெல்லாம் காரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற வேலை, கற்க வருகிறவர்கள் சடாரென்று பிரேக் போடும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வரும். சுத்தம் போதவில்லை என்று நானாக முடிவுகட்டி மூன்று வேளையும் சோப்புப் போட்டுக் கழுவினேன், எரிச்சல் இரண்டு மடங்கானதுதான் மிச்சம். அப்பா பக்கத்தில் வந்தாலே பயம். உண்மையைச் சொல்ல வாய் வராமல், உங்க குறட்டை தாங்கலைங்க என்று பழியை அவர் மூக்கின் மேல் போட்டேன். மனுஷர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் முன்பு சாப்பிடும்போது, மூக்கு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டேன், இனிமே உனக்குத் தொந்தரவு இருக்காது என்று சீட்டை நீட்டினார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிப்பாவி, இதுக்கா என் மூக்கை அறுக்கக் குடுக்கப் பாத்தே என்றார், அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் சாப்பாடு ஆறிப்போனது. மறுநாளே மருத்துவரம்மாவிடம் கூட்டிப்போனார். அவர் பரிசோதித்துவிட்டு, ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் குறைஞ்சா உள்தோல் மெலிஞ்சு காஞ்சு போகும், நிறைய பேருக்கு வர்றதுதான், முதல்ல சோப்பை விடுங்க என்று சொல்லி, உள்ளே தடவ ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதிக்கொடுத்தார். சில வாரங்களிலேயே நல்ல குணம் தெரிந்தது. இப்போது எவன் எப்படிப் பிரேக் போட்டாலும் எனக்குக் கவலையில்லை.

பால் கொடுக்கிற பெண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து இதே வறட்சி வருமாம், அதையும் மருத்துவரம்மாதான் சொன்னார். உடனே உன் நினைப்பு வந்தது. போன வாரம் வீடியோ காலில் நீ முகம் சுளித்து உட்கார்ந்தாய், என்னடி என்றால் ஒண்ணுமில்லம்மா என்றாய். அந்த ஒண்ணுமில்லையை இரண்டு வருஷம் சொன்னவள் நான், எனக்கா தெரியாது? நீயாக எதையும் வாங்கித் தடவாதே, மருத்துவரைப் பார். மாப்பிள்ளையிடமும் வாய்விட்டுச் சொல், பாவம், அவர் மூக்காவது தப்பட்டும்.

மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைந்திருங்கள். ஆபரேஷன் சீட்டைக் கிழித்தாயிற்று. தலையணை உள்ளே வந்துவிட்டது, குறட்டையும் கூடவே வந்துவிட்டது, அது கேட்கிற தூரத்தில் படுப்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

முத்தங்களுடன்,
உன் அம்மா