வெள்ளைக்கொடி கட்டியது நான், நாடகத்தை நிறுத்த வேண்டாம்

அனுப்புநர்:
மு. சுடலைமுத்து,
முச்சக்கரவண்டிச் சாரதி,
கிணற்றடி ஒழுங்கை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
நிர்வாகச் செயலாளர்,
கதிரொளி சனசமூக மண்டபம்,
கொட்டாஞ்சேனை.

விடயம்: சனிக்கிழமை நாடகத்துக்கான அனுமதியை இரத்துச் செய்தமை தொடர்பான புகார்

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்தில் பிழை இருக்கும், விடயத்தில் இல்லை.

2. கடந்த வியாழன் மாலை தங்கள் மண்டபத்துக்குள் பெண்கள் கூடி அழும் சத்தம் கேட்டது. எங்கள் ஒழுங்கையில் சாவு விழுந்தால் வெள்ளைக்கொடி கட்டுவது இருபது வருடமாக என் பொறுப்பு. அழுகிற இடத்தில் போய் யார் செத்தது என்று கேட்பது மரியாதையில்லை என்பதால் கேளாமலே சந்திவரை கட்டிவிட்டேன். பேக்கரி பாயிஸ் நானா பெரிய கேத்தலில் பிளேன்டீயோடு வந்தார். அயலவர் எல்லோரும் வந்தார்கள்.

3. உள்ளே பிரேதம் இல்லை. ஐந்து பெண்கள் நாடகம் பழகிக்கொண்டிருந்தார்கள். பார்மசியில் வேலை செய்யும் ஜீவராணி, "அண்ணை, செத்தது இஞ்ச இல்லை, கிரேக்க நாட்டில. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசமாச்சு" என்றார். பாயிஸ் நானாவோ, "அப்ப கொடியக் கழட்டாதீங்க முத்து. எங்க செத்தாலும் மௌத்து மௌத்துதானே" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம்.

4. நாடகத்தில் வருவது போரில் தோற்ற ஊரின் ராணியாம். இந்தக் காலத்துச் சேலையில், பஸ் தரிப்பிடத்தில், பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்தோடு நிற்கிறாள். அது ஜீவராணி. நான் ஹோர்ன் அடித்தாலே சண்டைக்கு வரும் பிள்ளை. அன்று அவர் வாய் திறந்ததும் கையிலிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டேன் ஐயா. அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. பதினேழு வருடமாக மகனைத் தேடும் மயிலம்மா அக்கா, பெரிய மனிதர் முன் எழுவதுபோல எழுந்து நின்றார். அதைப் பார்த்து நாங்களும் எழுந்தோம்.

5. மறுநாள், பொய்ச் சாவு காட்டி அயலைக் குழப்பினார்கள் என்று அனுமதியை இரத்துச் செய்துள்ளீர்கள். குழப்பியது நான். தண்டனையை எனக்குத் தரவும். மண்டபத்தைக் கூட்டிக் கழுவச் சொன்னாலும் செய்வேன். நான்கு மாதம் வேலை முடிந்து வந்து பழகியவர்களுக்கு வேறு மண்டபம் கிடைக்கவில்லை.

6. வியாழனன்று நாடகத்தைப் பாதியோடு நிறுத்திவிட்டார்கள். அந்த ராணி கடைசியில் பஸ்ஸில் ஏறினாளா, அங்கேயே நின்றாளா என்று மயிலம்மா அக்கா தினமும் என்னிடம் கேட்கிறார். 21ஆம் திகதி சனிக்கிழமை கதவைத் திறந்துவிடுங்கள் ஐயா. அவர் முன்வரிசையில் இருந்து தானே பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்க்கும்,
மு. சுடலைமுத்து
(கையொப்பம்)

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 2025.06.17